தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி

மே 18, இரவு

வில்லரே மண்டபத்தில் இன்று, கடைசிச் சண்டையில் செத்தவர்களுக்காக நினைவுக் கஞ்சி கொடுத்தார்கள். ஒழுங்கு செய்த சிவம் அண்ணை சண்டை தொடங்கிய காலத்திலேயே இங்கே மொன்றியலுக்கு வந்துவிட்டவர். கூட்டம் சேர்ந்ததும் என்னிடம் மைக்கைத் தந்தார்.

"பிள்ளை, இந்தக் கஞ்சிதான் உங்களைக் காப்பாத்தினது எண்டு ரெண்டு வசனம் கதையும்."

கஞ்சியா காப்பாற்றியது? வன்னியில் இராணுவம் எங்களைச் சுற்றி வளைத்திருந்தபோது குடித்த கஞ்சியில் அரிசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியது எங்கள் சதை. உடம்பு முதலில் தன் கொழுப்பைத் தின்றது, பிறகு தசையைத் தின்றது. மாதவிலக்கு நின்றது. கொளுத்தும் வெயிலில் குளிரெடுத்தது. கடைசியில் பசியே தெரியவில்லை.

மேடையில் என் தம்பி ரூபனின் படம் இருந்தது. 'பட்டினியால் இறந்தவர்' என்று கீழே எழுதியிருந்தார்கள். அவன் பட்டினியைத் தாண்டி வந்தவன். சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமில் சோற்றுப் பார்சல் கிடைத்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டான். காய்ந்து கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிட்டது.

அதைச் சொல்லவா என்று அண்ணையிடம் கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. சோறு திண்டு செத்தவன் எண்டால் சனம் என்ன நினைக்கும்?"

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கஞ்சி வரிசையில் போய் நின்றேன். தேங்காய்ப்பால் விட்டு, பச்சைமிளகாயும் போட்டிருந்தார்கள். நல்ல ருசி. இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தேன்.

வெட்கம் கெட்ட உடம்பு.