வேங்கைநாச்சிக்கு அனுப்பிய பின்னல்

உரும்பிராய்,
1938 ஆவணி 9.

சென்னையிலிருந்து வேங்கைநாச்சி தொடர்கதை எழுதும் ஐயா அவர்களுக்கு, உரும்பிராய் மார்க்கண்டுவின் மனைவி பூரணம் வணக்கத்துடன் எழுதுவது.

என் மகள் பாலேஸ்வரிக்கு நீங்கள் எழுதிய தபால் அட்டை செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அவள் அனுப்பிய பின்னலைப் பத்திரிகை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகவும், வருகிற வாசகர்கள் எல்லாம் பார்த்துப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவள் பெயருக்கு வந்ததை நான் வாசித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்கள் கதை என்றால் பெட்டைப் பிள்ளைகளுக்கு உயிர். சனிக்கிழமைகளில் எங்கள் கிணற்றடியில் எட்டுப் பேர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். பாலேஸ்வரி வாசிப்பாள். வேங்கைநாச்சி யாளியில் ஏறிப் பறந்தால் ஒருத்தியும் முழுகமாட்டாள். மிளகாய் காயப்போடுகிற சாட்டில் நானும் அங்கேயே நிற்பேன். அவிய வைத்த சீயாக்காய் அடிப்பிடித்ததும் உண்டு.

ஆனியில், வில்லின் நாண் அறுந்துபோக, வேங்கைநாச்சி தன் பின்னலை அறுத்து நாண் பூட்டினாளே, அந்தக் கிழமைதான் இவளும் அரிவாளை எடுத்துத் தன் பின்னலை அறுத்து உங்களுக்கு அனுப்பினாள். ஏனடி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, 'அவவின்ரை நாண் திரும்பவும் அறுந்தால் என்ன செய்யிறது அம்மா' என்றாள். பதினாறு வயது, ஐயா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கக் கையும் வந்தது. அடித்தேன்.

அப்போது அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தலையோடு யாராவது கண்டால் பேச்சு முறிந்துவிடும் என்று இவர் பயந்தார். மயிர் தோளுக்கு வரும்வரை வீட்டுக்குள் இருக்கட்டும் என்றார். கொக்குவிலில் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தோழிகளுக்கு நான் சொன்னேன்.

ஆடியில் அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் நாலு பேர் தலையைப் பார்ப்பார்கள் என்று பதினொரு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். இவர் மட்டுமல்ல, நானும்தான். பத்திரிகை வந்ததா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். வந்திருந்தது. கோபத்தில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் விடியக் காய்ச்சல் விட்டது. உயிரும் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சனம் அவள் தலையைப் பார்த்தது. மாமி வீட்டில் காய்ச்சல் கண்டு வெட்டினார்களாக்கும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அந்தக் காய்ச்சலுக்கு எல்லா வீட்டிலும் மயிர் வெட்டுவதுதானே. 'ஓம், அதுக்குத்தான் வெட்டினது' என்று நானும் சொன்னேன். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ஒரு பொய்யை ஆசுப்பத்திரி வாசலில் சொல்லியிருக்கலாம், ஐயா. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

உங்களில் ஒரு குறையும் இல்லை. பின்னலை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். நுனியில் சிவப்பு நூல் இருக்கும், அவள் அறுத்த அன்று காலை நான் கட்டிவிட்டது. ஆவணி இருபத்தெட்டில் அந்தியேட்டிக் கிரியை. கீரிமலைக் கடலில் அவளுடைய சாம்பலைக் கரைக்கும்போது அதுவும் கூடப் போகவேண்டும்.

ஒளித்து வைத்த பத்திரிகையை நேற்று எடுத்து வாசித்தேன். நாண் இன்னும் அறவில்லை. வேங்கைநாச்சி நெடுங்காலம் சுகமாக இருக்கட்டும். அவளுக்கு ஒரு தாயை மட்டும் கதையில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாலேஸ்வரியின் தாய்
பூரணம்