மசியாத கிழங்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம், உங்கள் முட்டிவலி தேவலையா?

நேற்று கேன்டீனில் உருளைக்கிழங்கு மசிக்கச் சொன்னார்கள். நான் பெரிய புத்திசாலியாக மிக்சியில் போட்டேன். வெண்ணெய், பால் எல்லாம் விட்டும் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இழுத்தது!

தலைமைச் சமையல்காரர் சிரித்தார். "அடிச்சா பசையாயிடும்ப்பா. சூட்டோட மெதுவா அமுக்கு, தானா மசியும்."

அடுத்த சட்டி வெண்ணெயாய்க் குழைந்தது. அதே கிழங்கு, அதே பால்! எப்படியம்மா?

நம் வீட்டுக் கீரை மத்தை அனுப்புங்கள். உங்கள் கைபட்டு அதன் பிடி வழவழவென்று இருக்குமே.

நான் கிளம்பி வந்த நாளிலிருந்து பேசாத அப்பாவின் பெயரைத்தான் உறைமேல் எழுதி, அந்தப் பசையால் ஒட்டுகிறேன். அவரே பிரிக்கட்டும்.

மணியடித்துவிட்டது, ஓடுகிறேன்.

அப்பா, இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். கிழங்கே மசிந்துவிட்டது, நீங்கள்?

உங்கள் மகன்