கரும்பலகையில் பாக்கியம் எழுதியது

கோடைக்கானல்

அன்புள்ள அம்மாவுக்கு,

தெய்வானை வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிரைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை.

எங்கள் நூலக வாசலில், ஊழியர்கள் அண்மையில் ரசித்ததை மாதாமாதம் கரும்பலகையில் எழுதிவைப்போம். இம்முறை எழுதியவள் என் அறைத்தோழி பாக்கியம். தனக்கு ஒரு பக்திப் புத்தகத்தைப் போட்டுக்கொண்டாள். என் பெயருக்கு நேரே, காய்ச்சல் என்று லீவு எடுத்து நான் பார்த்த சினிமா! தனியாகப் போகப் பயமென்று அவளே கெஞ்சி இழுத்துப்போன படம்.

"காய்ச்சலுக்குக் கொட்டகையிலதான் மருந்து குடுத்தாங்களோ?" என்று நூலகர் கேட்டார். தைப்பூசத்துக்கு எங்களில் ஒருத்திக்குத்தான் லீவு. அது அவளுக்குப் போய்விட்டது. "மறந்தாப்புல எழுதிட்டேன்டி" என்கிறாள்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். பழனியில் நம் வீட்டில்தான் தங்குவாளாம். சோறு போடுங்கள். எனக்குக் கொஞ்சம் முறுக்கு வேண்டும். அவளிடம் கொடுத்தனுப்பாதீர்கள், தபாலில் போடுங்கள்.

உங்கள்
தெய்வானை