அந்த இலைக்குப் பெயர் கேட்கிறேன்

எனக்குத் தலை பின்னிவிட்ட என் அக்காவுக்கு,

உன்னைக் கொன்றது காமாலை இல்லை. நம் பெரியப்பாவின் திறக்காத வாய்.

காமாலைக்கு அவர் கொடுக்கும் மருந்து கீழாநெல்லி என்று ஊருக்கே தெரியும். அதோடு அவர் சேர்த்து அரைத்த இன்னொரு இலை எது? பெயரைச் சொன்னால் மருந்து பலிக்காது என்று கதவைச் சாத்திக்கொண்டுதானே அரைத்தார். நீயும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய்.

ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கெஞ்சினார். "என்ன குடுத்தீங்கன்னு தெரிஞ்சாத்தாங்க நான் ஏதாவது பண்ண முடியும்." பெரியப்பா அழுதார். யாரிடமும் காசு வாங்காதவர், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அழுதாரே தவிர, சொல்லவில்லை. சொன்னால் நீ பிழைக்கமாட்டாய் என்று நிஜமாகவே பயந்தார். அந்தப் பயத்தை நான் மன்னிக்க வேண்டுமா?

இப்போது ஒரு சேதி. நாட்டு மருந்துக்குச் சட்டம் வருகிறதாம். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று பொட்டலத்தின் மேல் எழுத வேண்டுமாம். கருத்துக் கேட்கிறோம் என்று பெரம்பலூரில் வைத்தியர்களைக் கூட்டினார்கள். அம்மா போகாதே என்றாள். பெரியப்பா ஏறிய அதே பஸ்ஸில், கடைசி சீட்டில் நானும் போனேன்.

ஒரு வைத்தியர் எழுந்தார். "கோழிக் கொழம்பு வைக்கிறவகிட்ட மசாலாவ எழுதிக் குடுன்னு கேப்பீங்களா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும்தான்.

"கொழம்பு தின்னு ஒருத்தி செத்தா கேப்பாங்கய்யா" என்றேன்.

"நீங்க வைத்தியராம்மா?" அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க சார். மருந்து குடிச்சவளோட தங்கச்சி."

"இது வைத்தியருங்க கூட்டம். உக்காருங்க."

உட்காரவில்லை. கொடுக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். குடித்தவர்களை எப்போது கூப்பிடுவார்கள்? பெரியப்பா பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால் அந்த இலையின் பெயரைக் கேட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இதை அவர் வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே அம்மிச் சத்தம். என் பக்கத்தில் வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி, கண்ணெல்லாம் மஞ்சள். நான் கதவைத் தட்டி இலையின் பெயரைக் கேட்டதும் அவளுக்குத்தான் கோபம். "ஏன்டி, பேரக் கேட்டு என் மருந்தக் கெடுக்கற?"

கெடுக்கத்தான் போகிறேன், அக்கா. இனி அவர் அரைக்கும்போதெல்லாம் இந்தக் கதவைத் தட்டுவேன். அடுத்த கூட்டத்தில் உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று கத்துவேன். உன்மேல் சத்தியம்.

மறுபடியும் தட்டினேன். அம்மிச் சத்தம் நின்றது.

"பெரியப்பா, அந்த எலையோட பேரச் சொல்லுங்க."

நீ பின்னிவிட்ட சடையை இப்போது தானே பின்னிக்கொள்ளும்,
உன் தங்கச்சி,
மீன்சுருட்டி