கால்வாய் மேல் நிற்கும் உங்கள் சுவர்

அன்புள்ள கஸ்தூரி அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு நம் ஏரிக்கரை நகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நாலு பேர்தான் மிச்சம். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறோம். செயலாளர் இல்லாத சங்கம் டீக்கடைக்குத்தான் லாபம்.

ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது அக்கா. இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் மேல் வழியும். வழிகிற தண்ணீர் போகவேண்டிய கால்வாய் மேல்தான் நம் தெருக்காரர்கள் வரிசையாகக் காம்பவுண்டு சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்களே. போன வருஷம் அந்தத் தண்ணீர் திரும்பிப் பள்ளத்துக்கு வந்து என் வீட்டுக் கட்டில் வரை ஏறியது. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். நாற்காலியின் ஒரு காலை நீங்கள்தான் பிடித்திருந்தீர்கள்.

அதற்கப்புறம் நடந்த கூட்டத்தில் யாரும் தன் சுவரை இடிக்கச் சம்மதிக்கவில்லை. நீங்கள்தான் எழுந்தீர்கள். "மொதல்ல என் வூட்டு செவுத்த இடிங்கப்பா. அப்பால எவன் மாட்டேன்றான்னு நான் பாக்கறேன்." அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வாரமே உங்களுக்கு நெஞ்சு வலித்தது. கடப்பாறை எடுக்க வேண்டிய நாங்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம்.

இப்போது தெருவில் எல்லோருக்கும் ஒரே பதில்தான். செயலாளர் வீட்டுச் சுவரே நிற்கிறதாம், எங்களுடையதை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்கிறார்கள். நீங்கள் இல்லாத வீட்டில் தனியாக இருக்கும் மாமாவிடம் போய் எப்படிக் கேட்பது, சொல்லுங்கள். சங்கம்தான் உங்களைத் தின்றது என்று நினைக்கிறார். காரியத்தன்றுகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சுவரில் கட்டிய கொடியில் நீங்கள் கடைசியாகக் காயப்போட்ட பச்சைப் புடவையை அவர் இன்னும் எடுக்கவில்லை. வெயிலில் வெளுத்துப் போய்க் கிடக்கிறது. தினமும் கடைக்குப் போகும்போது அதைப் பார்க்காமல் போகத்தான் முயல்கிறேன்.

அஞ்சு பேரும் கை தூக்கினால்தான் தீர்மானம் என்று நீங்கள் போட்ட சட்டம் வேறு எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. அஞ்சாவது ஆளாக வரச் சொன்னால் அவனவன் நழுவுகிறான். கடைசியில் தலைவர், குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்போம் என்றார். நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிறார்கள், நம்மவர்கள் கூட்டத்துக்கு அடுத்த தெருவிலிருந்து வரமாட்டேன் என்கிறார்கள் என்று நீங்கள் திட்டுவீர்களே, அது ஞாபகம் வந்திருக்கும். வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிப் பிளாஸ்டிக் குடத்தில் போட்டோம். உங்கள் வீட்டை விட்டுவிட யாருக்கும் மனசு வரவில்லை. வந்த சீட்டும் உங்கள் வீடுதான்.

சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் குடம் எதற்கு என்று தலைவர் எழுந்து போய்விட்டார். மாமாவிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார். "இன்னாடா முருகேசா, அவள துன்னது பத்தலியா?"

குடத்தில் வந்த சீட்டைக் கேட்டுக் கம்பி வழியாக நீட்டினேன். அவர் அதை வாங்காமல் அம்மாவைப் பற்றி விசாரித்தார். இருந்ததைச் சொன்னேன். "அப்டியேதான் கீது மாமா. இந்தத் தபா தண்ணி வந்தா எங்க தூக்கினு போறதுன்னு தெர்ல."

அவர் சுவரைப் பார்த்தார். "அவ வெயில்ல நின்னுக்கினு கட்ன செவுருடா இது. நான் எப்டி கை தூக்குவேன்?" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் கூட்டத்துக்கு வந்தார் அக்கா. உங்கள் நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்கள் வீட்டில் தொடங்கிக் கால்வாய் மேல் நிற்கும் எல்லாச் சுவரையும் இடிப்பது என்ற தீர்மானத்தைத் தலைவர் படித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் நாலு பேரும் கை தூக்கினோம். மாமாவின் கை மடியிலேயே இருந்தது. தூக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. எழுந்து நனைந்துகொண்டே போய்விட்டார். உங்கள் சட்டப்படி தீர்மானம் தோற்றது. எனக்கு அழுகை வந்தது. இனி யாரிடம் போய் நிற்பேன்? இப்படி ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்களே என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது உங்கள் வாசலைத் தாண்டினேன். எப்போதும் சாத்தியிருக்கும் கேட் விரியத் திறந்திருந்தது. சுவரில் கொடி இல்லை, அவிழ்த்திருந்தார். புடவையும் இல்லை. உள்ளே மாமா அதை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கேட்டைச் சாத்த எழுந்து வரவில்லை.

மழை விடவில்லை அக்கா. பொழுது விடிவதற்குள் ஏரி வழிந்தாலும் வழிந்துவிடும். ஆனாலும் மாமா திறந்து வைத்த கேட் வழியாக விடிந்ததும் கடப்பாறையோடு வருகிறேன். நீங்கள் நின்று கட்டிய சுவரில் முதல் அடியை நான்தான் அடிப்பேன், வேறு யாரையும் அடிக்க விடமாட்டேன். செங்கல்லை உடைக்காமல் எடுத்து மாமாவின் வாசலில் அடுக்கி வைப்பேன்.

நாற்காலியின் மறு காலைப் பிடித்திருந்த
உங்கள் தம்பி,
முருகேசன்