சுடுகாட்டுக்கு வராதவர்

நன்னிலம்
22.9.2024

அன்புள்ள தம்பி பிரபுவுக்கு,

அக்கா மங்களம் எழுதுவது. சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனை அணைத்துப் பரணில் போட்டுவிட்டேன், அதனால்தான் கடிதம். முகம் தெரியாதவர்களெல்லாம் கூப்பிட்டு, "உன் தங்கச்சியக் கொன்னவனோடயா குடித்தனம் பண்ற?" என்று கேட்கிறார்கள். வானதி வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்தாள் என்று போலீஸே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் குற்றக்கதை பாட்காஸ்டில் போய் நீ எதற்குடா பேசினாய்? பேரைச் சொல்லவில்லையாம். அக்கா வீட்டுக்காரர் என்றால் வேறு யார்? நாற்று முற்றுகிறது, நம் வயலில் இறங்க ஆளில்லை. நிறுத்தச் சொல், சாமி.

உன் அக்கா,
மங்களம்

சிங்கப்பூர்
6.10.2024

அன்பு அக்காவுக்கு,

லீவு கிடைக்காமல் தங்கச்சியை வீடியோ காலில் வழியனுப்பியவன் நான். உன் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை அவள். பாடையைத் தூக்கும்போது அத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுடுகாட்டுக்கும் வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். நேயர்களில் ஒருத்தர் வாய்க்காலை மேப்பில் பார்த்துவிட்டு, அங்கே முழங்கால் தண்ணீர்தான் என்கிறார். குற்றம் செய்தவன்தான் முகத்தை மறைப்பான் என்று ஒரு அம்மா எழுத, எல்லோரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று அத்தானை ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

பிரபு

நன்னிலம்
19.10.2024

தம்பி,

அது கோடையில் எடுத்த படமாக இருக்கும். அவள் விழுந்த ஆடியில் அங்கே ஆளை முழுங்குகிற தண்ணீர் ஓடும் என்று உனக்கே தெரியாதா?

நான் முழுகாமல் இருக்கிறேன். அப்படி இருந்தால் புருஷன் பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது, சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. முன்னால் இரண்டும் தங்கவில்லை. இதையாவது மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடாதீர்கள் என்று நான்தான் அவர் வாயைக் கட்டினேன். உள்ளே போய் அழுத மனுஷன்டா அவர். வானதி சைக்கிளை இன்னும் துடைத்து வைக்கிறார். இதைச் சொல்லி அவரைக் காப்பாற்று. வயிற்றிலிருப்பதற்கு நீ தாய்மாமன்.

மங்களம்

சிங்கப்பூர்
10.11.2024

அக்கா,

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். நம்பவில்லை. "இந்தக் காலத்துல எவன் இதெல்லாம் பாக்குறான்? கேஸுக்காகக் கட்டுன கர்ப்பம்" என்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்கிறார்கள். அனுப்பினால் வாயை அடைத்துவிடலாம். சில பேர் துப்பறிகிறோம் என்று கேமராவோடு ஊருக்கு வருகிறார்களாம், கதவைத் திறக்காதே. வளைகாப்புக்கு வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

பிரபு

நன்னிலம்
2.1.2025

பிரபுவுக்கு,

பையன். மாதம் நிறையுமுன்னே உயிரில்லாமல் பிறந்தான். காரணம் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்காவது வாய் வந்ததே. கேமராக்காரர்கள் வாசலில் வந்து நின்றதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளாளுக்கு ஊகம் பண்ணித்தான் நமக்கு இந்தக் கதி.

வளையலை யாருக்காவது கொடுத்துவிடு. இனி எழுதாதே.

பிள்ளையைத் துண்டில் சுற்றி உன் அத்தானே தூக்கிக்கொண்டு போனார். கூடப் போக ஒருத்தரும் வரவில்லை. உன் நேயர்களிடம் சொல்லிவிடு, இந்தத் தடவை அவர் சுடுகாட்டுக்குப் போனார்.

மங்களாம்பிகை