ஊசி போடாமல் எடுத்த பல்

என் அன்புக்குரியவருக்கு,

நம் ஆவுடையின் சொத்தைப் பல்லை இன்று எடுத்தாகிவிட்டது. ஊசியே போடவில்லை! பழவங்காடியில் ஒரு பல் டாக்டரிடம் புதுக் கருவி இருக்கிறது. ஈறில் வைத்து அழுத்தினால் ‘டப்’ என்ற சத்தத்தோடு மருந்து பாய்ந்து, மரத்துப்போகிறது.

“மோளே, பேடிக்கண்டா. இதில் சூசியில்ல,” என்று பயப்படாதே, ஊசி இல்லை எனத் தன் மலையாளத்தில் தைரியம் சொன்னார் டாக்டர்.

அவள் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “யாரும் என் கையப் பிடிக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டுத் தானே வாயைத் திறந்தாள். அழவே இல்லை. பல் வந்ததும் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினாள், டாக்டரும் தட்டினார்.

போன தடவை ஊசிக்காக அவளை நீங்கள் அமுக்கிப் பிடித்ததைப் பற்றி எழுதப்போவதில்லை.

வரும் வழியில், “அப்பாகிட்ட நானே சொல்லுதேன்,” என்றாள். நீங்கள் மஸ்கட் போனதிலிருந்து உங்களோடு பேசாதவள்! ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். போனை அவள்தான் எடுப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி